பீம்ராவின் சிவப்புப் புள்ளி

எனக்கு இட்லி பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொட்டலத்தை நான் தொடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு மனக்கஷ்டம் எதுவும் இல்லை. இட்லிக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு, அதையும் சொல்கிறேன். டைப் செய்கிறவர் நிதானமாகவே செய்யட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் அஜின். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பாவுக்கு ராயபுரத்தில் அரிசி மொத்த வியாபாரம். கடையில் உட்காரச் சொன்னார், நான் கம்ப்யூட்டர் படித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கிற டேங்க் யார்டில் எனக்கு 'டிஜிட்டல் கற்றல் மேலாளர்' வேலை. கப்பலில் வருகிற பாமாயிலும் கரும்பாலைக் கழிவுப்பாகும் எங்கள் டேங்குகளில்தான் நிற்கும். டேங்க் காலியானதும் ஆட்கள் உள்ளே இறங்கி அடியில் தங்கிய வண்டலை வழித்துக் கழுவ வேண்டும். மூடிக்கிடந்த டேங்கில் விஷவாயு நிற்கும். அதனால் இறங்குகிறவர்கள் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேற வேண்டும், ரஷீது என்ற வெளி ஏஜென்சிக்காரர் வந்து மீட்டர் வைத்து வாயுவைச் சோதிக்க வேண்டும். இரண்டுமே விதி. முதல் விதிக்கு மட்டும் எங்களிடம் இணையதளம் இருந்தது.

அந்தப் பழைய தளத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாரோ ஒரு முன்னாள் அதிகாரியின் மைத்துனர் செய்தது என்று கேள்வி. திறந்தவுடன் நாதஸ்வரம் வாசிக்கும். மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை ஓயாமல் கண்ணடிக்கும், அதுவும் ஒரு கண்ணை மட்டும். கேண்டீனை ஒட்டிய அறையில் இருந்த ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் அது ஓடும். டேங்கில் இறங்குகிற ஒவ்வொரு நாளும் காலையில் ஆட்கள் அதன் முன் உட்கார்ந்து பாடத்தை முடித்து, அனுமதிச் சீட்டைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். நடுவில் நெட் போனால் மறுபடி நாதஸ்வரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் ரசனை உள்ள எவனுக்கும் வயிறு எரியும்.

நெட் அடிக்கடி போனது. யார்டு மேனேஜர் ஜெயக்கொடி வந்து கத்துவார். கழுவும் ஆட்களில் மூத்தவரான பீம்ராவ், வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இன்னா சார் பண்றது, சைட்டு சுத்திகினே கீது. சீட்டு வராம எப்டி சார் எறங்குறது? ரூல்ஸ் கீதில்ல?"

விதி என்ற சொல்லை அவ்வளவு மரியாதையாக உச்சரித்த மனிதரை நான் எங்கள் தலைமை அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

தளத்தைப் புதுப்பிக்கும் வேலையை என் தலையில் கட்டியதும் முதலில் பழைய கோளாறை ஆராய்ந்தேன். ரவுட்டருக்கும் கேண்டீன் கிரைண்டருக்கும் ஒரே பிளக். கிரைண்டர் போட வேண்டுமென்றால் ரவுட்டரைப் பிடுங்க வேண்டும். கேண்டீன் பட்டம்மாள் தினமும் அரைக்கிறாரா என்றால் இல்லை. சில நாட்களில் மட்டும்தான், அதுவும் சரியாகப் பாடம் ஓடுகிற நேரத்தில். அரைத்த மாவு மறுநாள் இட்லியாகும். இட்லி பிடிக்காதவன் என்பதால் நான் எந்தெந்த நாளில் பட்டினி கிடந்தேன் என்பது எனக்கு மறக்காது. அதற்கு முந்தைய நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே ரஷீது நேரத்துக்கு வராத நாட்கள்.

அவர் தண்டையார்பேட்டையிலிருந்து பைக்கில் வருகிறவர். கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டிவிட்டால் அந்தச் சாலையில் ஆம்புலன்ஸே நகராது, ரஷீது எங்கே நகர்வார். ஜெயக்கொடிக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. "போன வாட்டி பாத்த ரீடிங்தானப்பா, எறங்குங்க" என்பார். முடியாது என்று சொல்கிற தினக்கூலி மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். எனவே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பீம்ராவ் கேண்டீன் ஜன்னலைப் பார்த்து இருமுவார். பட்டம்மாள் கிரைண்டரைப் போடுவார். சைட் சுற்றும். ரஷீது வந்து மீட்டர் வைத்துச் சரி என்றதும் கிரைண்டர் நிற்கும், நாதஸ்வரம் கேட்கும்.

ஆக, எனக்கு எல்லாமே தெரியும். எதுவும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதை ஏற்க வேண்டாம். என் ஆராய்ச்சியை அவர் மட்டம் தட்டுகிறார்.

புதிய தளத்துக்கு 'பாடம் பிளஸ்' என்று பெயர் வைத்தேன். அவரவர் ஃபோனிலேயே ஓடும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும், பத்து கிரைண்டர் சுற்றினாலும் ஓடும். ஒருமுறை முடித்தால் வருஷம் முழுக்கச் செல்லும். மேனேஜர் அறையில் பெரிய டிவி வைத்தோம். பாடம் முடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, முடிக்காதவருக்குச் சிவப்பு. பச்சை என்றால் டேங்குக்குள் அனுப்பலாம். தப்பு என்று காட்டினால் படிக்கிறவர் மனம் தளர்ந்துவிடுவார் என்று பெங்களூர் பயிலரங்கு ஒன்றில் சொல்லியிருந்தார்கள். அதனால் எந்த விடையைத் தட்டினாலும் 'அருமை' என்று பூ தூவும்படி செய்தேன். 'வாயுவைச் சோதிக்காத டேங்கில் இறங்கலாமா?' என்ற கேள்விக்கு 'இறங்கலாம்' என்று தட்டினாலும் பூதான். மனம் தளர்ந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை.

சில வாரங்களில் யார்டு முழுக்கப் பச்சையானது. பீம்ராவ் மட்டும் சிவப்பு. சிவப்புக்காரருக்கு ஹோஸ் இழுப்பது, புல் வெட்டுவது போன்ற வெளிவேலைதான், டேங்க் பேட்டா கிடையாது. அப்படியும் மனிதர் தட்டவில்லை. ஃபோனில் சார்ஜ் இல்லை என்றார், மச்சான் எடுத்துப் போய்விட்டான் என்றார், மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். கடைசியில் ஒரு நாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பொய் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது போல.

"சார், கிரைண்டரத்தான் ஒண்ணுமில்லாம ஆக்கிட்ட. இந்தச் செவப்பையாவது வுட்டுடு சார். பச்சையாயிட்டா, பாய் வரலேன்னாலும் எறங்குன்னுவாரு. மாட்டேன்னா வேலை பூடும். செவப்பு இருந்துச்சின்னா நான் வாயே தொறக்க வேணாம், டிவியே சொல்லிடும். எங்கூட்டு மதிக்கு என்னை வுட்டா ஆரும் கெடையாது. உனுக்கு இன்னா சார் நஷ்டம், ஒரே ஒரு புள்ளி?"

மதி அவர் மனைவி. யோசிக்கிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரே ஒரு புள்ளி என்று அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. வெள்ளை வேட்டியில் சாம்பார் தெறித்தால் ஒரு சொட்டுத்தானே என்று யாராவது விடுவார்களா? படிப்பறிவு குறைந்தவர், அவரிடம் இதை விளக்க முடியாது.

அடுத்த வாரம் தளத்தின் முறையான தொடக்க விழா. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருவதாக ஏற்பாடு. லேப்டாப்புக்கு மாலை, டிவிக்குக் குங்குமம், வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய், எல்லாம் தயார். 'நூறு சதவீதப் பயிற்சி' என்று பேனர்கூட அச்சாகி வந்துவிட்டது. ஒரு சிவப்பை வைத்துக்கொண்டு நூறு என்று பேனர் கட்டினால் அது பொய். எனக்குப் பொய் பிடிக்காது.

விழா அன்று காலை நான் ஏறிய ஆட்டோ நடுவழியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரி. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ரஷீது பைக்கில் நின்றுகொண்டிருந்தார், வயிற்றில் மீட்டர் பை. என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்னிக்கி மதியம் ஆயிடும் போலகீது சார். ஜெயக்கொடி சார் ஃபோன் எடுக்க மாட்றாரு. கழிவுப்பாகு டேங்கு வேற. நான் வர்றவரைக்கும் ஒர்த்தரையும் எறக்க வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சரி பாய் என்று ஃபோனை எடுத்தேன். எடுத்ததும் பாடம் பிளஸ்தான் முதலில் திறந்தது, நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அத்தனை பச்சைக்கு நடுவில் அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தியது. நிர்வாகி என்ற முறையில் பீம்ராவின் பாடத்தைத் திறந்தேன். ஒரே தட்டில் பச்சையாக்கியிருக்கலாம், ஆனால் அது நேர்மையில்லை. எல்லாக் கேள்வியையும் படித்து, சரியான விடையையே தட்டினேன். 'வாயுவைச் சோதிக்காத டேங்கில் இறங்கலாமா?' 'கூடாது.' பூ தூவியது.

"சொல்லிட்டீங்களா சார்?" என்று ரஷீது எட்டிப் பார்த்தார்.

ஆச்சு பாய் என்றேன். அவர் நிம்மதியாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். ஜெயக்கொடிக்கு அழைக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நூறு வந்துவிட்டது. அந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இயக்குநருக்கு அனுப்புவதில் மறந்துபோனது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். நான் மறக்கவில்லை. அழைத்தால் இவ்வளவு நல்ல தளம் இருக்கும்போது எதற்கு ஃபோன் என்று ஜெயக்கொடி கேட்பார் என்று தோன்றியது.

பிறகு நடந்தது எனக்கு மற்றவர்கள் சொன்னதுதான். இயக்குநர் வரும்போது ஒரு டேங்க் பளபளவென்று இருக்கட்டும் என்று ஜெயக்கொடிக்கு ஆசை. டிவியில் புதுப் பச்சையைப் பார்த்துவிட்டு பீம்ராவைக் கூப்பிட்டிருக்கிறார். "நான் இன்னும் படிக்கவே இல்லியே சார்" என்றாராம் பீம்ராவ். ஜெயக்கொடி டிவியைக் காட்டினாராம். பீம்ராவ் வெளியே வந்து கேண்டீன் ஜன்னலைப் பார்த்து இருமியிருக்கிறார். பட்டம்மாள் உடனே ரவுட்டரைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைப் போட்டிருக்கிறார். பீம்ராவ் மறுபடி இருமியிருக்கிறார். தளம் ஒரு நொடிகூடத் தடங்கவில்லை. அப்படித் தடங்காமல் இருப்பதற்காகத்தான் நான் ஒரு வருஷம் உழைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கயிறு கட்டி மேலே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை. கேண்டீனில் கிரைண்டர் வெறும் கல்லாகச் சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. விழாவைத் தள்ளி வைத்தார்கள். பூசணிக்காயை மட்டும் அன்றைக்கே உடைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மதி என் சட்டையைப் பிடிக்கவில்லை, அழவும் இல்லை. "காலைல கூட சிரிச்சிகினே சொன்னாரு சார், நான் இன்னும் ஃபெயிலுதான், என்னை உள்ள அனுப்ப மாட்டானுங்கோன்னு. ஃபெயிலான மனுசன் எப்டி சார் பாஸானாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல தொழில்நுட்பக் கேள்வியும்கூட. யார், எந்த ஃபோனில், எந்த இடத்தில் நின்று தட்டினார்கள் என்பதை பாடம் பிளஸ் பதிவு செய்துகொள்ளும். அதை வைத்துத்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். பழைய தளமாக இருந்திருந்தால் உங்களால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆமாம், நான்தான் தட்டினேன். தட்டினால் அவரை இறக்குவார்கள் என்று தெரியும். வாயுவைச் சோதிக்க ஆள் இல்லை என்றும் தெரியும், அந்த ஆள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பீம்ராவ் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பண்பான மனிதர்.

இறந்தவர்களைத் தளம் தானாகவே எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடும். அன்று மாலை அவர் பெயர் மறைந்தது, நூறு நூறாகவே நின்றது. இப்போது ஒரு சின்னச் சிக்கல். கருணை அடிப்படையில் மதிக்கு யார்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள், கணவரின் பிரிவிலேயே பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பத்தாவது வரை படித்த பெண். ஃபோன் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வியைக்கூடத் தட்டவில்லை. நேற்று நீங்கள் என்னை அழைத்து வரும்போது பார்த்தேன், சிவப்பாகவே இருந்தது.

அந்த மேசை மேல் இருப்பது என் ஃபோன்தானே ஐயா? ஒரு நிமிடம் கொடுங்கள். ஒரே ஒரு புள்ளிதான்.