தோளைத் தொட்டால் எழுந்துவிட வேண்டும்

கேசினோ இருக்கிற மலைமேல் எப்போதும் குளிர்தான், இன்ஸ்பெக்டர். அதனால் போகும்போதெல்லாம் இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப்போவேன். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவி சியூ யெங்குக்கு. அவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. எடுத்துவைப்பது நான்தான்.

என்னைச் சூதாடி என்று மட்டும் எழுதாதீர்கள். பெந்தோங் பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சூதாடிகளை அங்கே பக்காரா சீட்டாட்ட மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்குவார்கள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள். பார்க்கவே அலுப்பாக இருக்கும். நான் வாரம் ஒரு நாள்தான் போவேன், உறையில் வைத்த வெள்ளி நோட்டுகள் தீர்ந்தால் எழுந்துவிடுவேன். விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக்கியதே கிடையாது. இடைவேளை என்றால் ஒரு காப்பி குடிக்கிற நேரம், அதற்கு மேல் இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஆடுகிறவன் தோளை யாராவது தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று எங்கள் சீன ஆட்கள் பயப்படுவார்கள். தொட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. தொட்டால் எழுந்துவிட வேண்டும், அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. இதை ஒருநாள் பெருமைக்காகச் சியூ யெங்கிடம் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரமே அவளும் காரில் ஏறிக்கொண்டாள். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தோளில் கை விழுந்தது.

"தொட்டுட்டேன் செங். நீ போட்ட சட்டம்தானே, எழுந்திரு. வீட்டுக்குப் போய்ச் சூடா கஞ்சி குடிக்கலாம்."

மேசையே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன், "ஆன்ட்டி வந்துட்டாங்க லா. அங்கிள், கடையச் சாத்துங்க," என்றான்.

எழுந்தேன். அதற்கடுத்த வாரமும் எழுந்தேன். விதியை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். ஒன்றை மாற்றினால் எல்லாம் போய்விடும், இன்ஸ்பெக்டர். அப்புறம் எனக்கும் அந்தச் சூதாடிகளுக்கும் என்ன வித்தியாசம்?

டாக்டர் எனக்குக் கொடுத்த தூக்க மாத்திரை வீட்டில் இருந்தது. சியூ யெங்குக்குப் பார்லித் தண்ணீர் என்றால் உயிர். பிளாஸ்கில் கலந்துவிட்டால் மலை ஏறும்போதே கண் சொக்கிவிடும். ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டு, கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டுப் போவேன். நல்ல தூக்கம். அவளுக்கும் வயதாகிறது, ஓய்வு வேண்டாமா?

போன மாதம் ஒருநாள் பாதியில் விழித்துவிட்டாள். கலைந்த தலையோடு, நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டாள்.

"என்னமோ தெரியல செங். இந்தக் கார்ல ஏறினாலே அசந்துபோயிடுறேன். எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறியா?"

அன்று நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். இருந்தும் எழுந்தேன். டாக்டரிடம் போகவில்லை, வயதானால் அப்படித்தான் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அடுத்த வாரம் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். நான் வாழ்க்கையில் இரட்டிப்பாக்கியது அந்த ஒரு தடவைதான்.

இடைவேளையில் காப்பியோடு காருக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை, அப்போது உயிர் இருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டேன். கன்னத்தைத் தட்டினேன். கை சில்லென்று இருந்தது. என் ஸ்வெட்டரையும் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்று தோன்றியது. அதற்குள் காப்பி தீர்ந்துவிட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் ஆடினேன் என்று தெரியாது. ஸ்வெட்டர் இல்லாமல் குளிராக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. சியூ யெங் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. அதைவிட, சொல்லவே முடியாத நிம்மதியாக இருந்தது. திரும்பினால் கார் நிறுத்துமிடத்துக் காவலாளி.

"அங்கிள், அந்த வெள்ளைக் கார் உங்களோடதா? உள்ளே ஆன்ட்டி... கொஞ்சம் வாங்க அங்கிள்."

உடனே எழுந்துவிட்டேன். மேசையில் இருந்த எல்லாரும் அதற்குச் சாட்சி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்: உறையில் எடுத்துப்போனதற்கு மேல் அன்று நான் எதையும் இழக்கவில்லை.