இரண்டாவது அடுப்பு

பெரியவள்: அதை அங்க வைக்காத. கடையிலேர்ந்து நேரா வந்த மாதிரி பளபளன்னு இருக்கு.

சின்னவள்: கரண்டிதானே அக்கா...

பெரியவள்: கரண்டிதான். மூணு மாசமா சமைக்கிற வீட்டுல கரண்டி இப்படியா இருக்கும்? கீழ போய் என்னோடதை எடுத்துட்டு வா. பிடி வளைஞ்சது.

சின்னவள்: அதையா? இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. அதை நான் தொட்டதில்ல.

பெரியவள்: பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்துட்டுப் போற வரைக்கும்தான். ஆள் இறங்கினதும் கரண்டியும் இறங்கிடணும்.

சின்னவள்: ரசீது போட்டுக் குடுக்கட்டுமா?

பெரியவள்: வாயைக் குறைச்சு வெங்காயத்தை நறுக்கு. எண்ணெய்ல போட்டு நல்லா வதக்கு. கதவைச் சாத்திக்கோ, வாசனை உள்ளயே நிக்கணும்.

சின்னவள்: எல்லாம் ஒரு ஸ்டிக்கருக்காக. காரை வீட்டு வாசல்ல நிறுத்த மாநகராட்சி ஒட்டுற காகிதத்துக்கு நான் காலைலேர்ந்து மாடிப்படி ஏறி எறங்கறேன்.

பெரியவள்: ஒரு கதவு எண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர்னுட்டாங்க. ஸ்டிக்கர் இல்லாத வண்டியை அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. உன் புருஷன் டாக்சியைத் தூக்கினா நாளைக்கு என்ன ஓட்டுவார்? வீட்டையா?

சின்னவள்: உங்க வீட்டுக்காரர், மாமாவோட சரக்கு வேனும் இருக்கே. அதையும்தான் தூக்குவாங்க.

பெரியவள்: ...எண்ணெய் காஞ்சுடுச்சு பாரு.

சின்னவள்: வேன் இன்னும் வொர்க்‌ஷாப்லதான் நிக்குதா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த மெக்கானிக் அதுலயே குடியேறிட்டாரா?

பெரியவள்: ஏதோ பாகம் வரணுமாம்.

சின்னவள்: மாமாவும் தினம் காலைல டிபன் டப்பாவைத் தூக்கிட்டு நடந்தே போறார்.

பெரியவள்: வண்டி இல்லன்னா நடக்கத்தான் வேணும். நீ அடுப்பைப் பாரு. கேஸ் வருதா? நல்லா வருதா? அடுத்த தெரு தையல்காரர் வீட்டுல நடந்தது தெரியும்ல.

சின்னவள்: தெரியாது. சொல்லுங்க.

பெரியவள்: அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனித்தனிக் குடும்பம்னு காட்டறதுக்காக மொட்டை மாடி அறையில ஒரு அடுப்பைக் கொண்டு வெச்சிருக்காங்க. ஆய்வாளர் வந்து, எங்க, ஒரு டீ போடுங்கன்னு கேட்டாராம். பத்த வெச்சா பத்தல. அடுப்புக்குப் பின்னால பார்த்தா சிலிண்டரே இல்ல. குழாயைத் திறந்தா காத்து வருது. பொய் சொன்னதுக்கு இருந்த ஒரு ஸ்டிக்கரையும் ஒரு வருஷத்துக்கு ரத்து பண்ணிட்டுப் போயிட்டாராம்.

சின்னவள்: ஒரு வருஷமா?

பெரியவள்: தையல்காரர் ஸ்கூட்டரை வீட்டுக்குள்ள கட்டிலுக்குப் பக்கத்துல நிறுத்தறார்.

சின்னவள்: நம்ம குழாய்ல தண்ணி வருது. பாருங்க.

பெரியவள்: வருது... எப்போ போட்டது இது?

சின்னவள்: போன வாரம் பிளம்பர் வந்தாரே.

பெரியவள்: போன வாரம் பூசின சிமெண்ட்ல இந்த வாரம் பாசி பிடிச்சிருக்கு. நல்ல மண்ணு போல.

சின்னவள்: அது... ஈரம் அக்கா. மாடியில எப்பவுமே ஈரம்.

பெரியவள்: இருக்கும், இருக்கும். சரி, வா. நான்தான் ஆய்வாளர். நீ பதில் சொல்லு. அம்மா, எத்தனை மாசமா தனியா சமைக்கறீங்க?

சின்னவள்: மூணு மாசமா சார்.

பெரியவள்: கீழ எத்தனை பேர், மேல எத்தனை பேர்?

சின்னவள்: கீழ எங்க வீட்டுக்காரரோட அண்ணன், அண்ணி, ரெண்டு பசங்க. மேல நாங்க ரெண்டு பேர், ஒரு பொண்ணு.

பெரியவள்: ஏன் பிரிஞ்சீங்க?

சின்னவள்: அதெல்லாமா கேப்பாங்க?

பெரியவள்: கேப்பாங்க. சொல்லு.

சின்னவள்: மருந்துக்கடையில பில் போடற வேலை சார். வீடு வர ஒன்பதாயிடும். நேரம் ஒத்துவரல.

பெரியவள்: அவ்வளவுதானா? முகத்தைப் பார்த்தா அவ்வளவுதான்னு தெரியலையே.

சின்னவள்: சரி சார், உண்மையைச் சொல்லிடறேன். எங்க அக்கா கொஞ்சம் கறார். டீத்தூள் டப்பாவைக் கொண்டுபோய் பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க.

பெரியவள்: எறும்பு வருதுன்னு வெச்சேன்.

சின்னவள்: டீத்தூளுக்கா எறும்பு?

பெரியவள்: சர்க்கரைக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்னு... நீ ஆய்வாளர்கிட்ட பேசறியா, என்கிட்ட பேசறியா?

சின்னவள்: ஆய்வாளர்கிட்டதான். அப்புறம் சார், நான் எந்தப் பாத்திரத்தைக் கழுவி வெச்சாலும் அவங்க இன்னொரு தடவை கழுவுவாங்க. ஒண்ணும் சொல்லமாட்டாங்க. கழுவுவாங்க, அவ்வளவுதான்.

பெரியவள்: சோப்பு போகலன்னா என்ன பண்றதாம்?

சின்னவள்: ஒன்பது மணிக்கு வந்தா என் தட்டு மூடி வெச்சிருக்கும். ஆறிப்போயிருக்கும். சூடு பண்ணலாம்னா, துடைச்ச அடுப்பை மறுபடி அழுக்காக்கணும். அதனால அப்படியே சாப்பிடுவேன். ஒரு நாள் ஒரு முட்டை பொரிச்சுக்கலாம்னு நினைச்சேன் சார். எடுத்துட்டேன். கையில வெச்சுக்கிட்டே நின்னேன். இதுக்கு எண்ணெய்ச் சட்டி எடுக்கணும், சத்தம் கேக்கும், அவங்க எழுந்து வந்து நீ நகரு நான் பண்றேன்னு சொல்வாங்கன்னு... திரும்ப வெச்சுட்டேன். ஏழு வருஷமா இந்த வீட்டுல என் கையால எனக்குன்னு ஒரு முட்டை பொரிச்சுத் தின்னதில்ல.

பெரியவள்: அந்தத் துணியை இங்க குடு.

சின்னவள்: சும்மா சொன்னேன் அக்கா. நம்பற மாதிரி இருக்கணும்னு.

பெரியவள்: நல்லா இருக்கு. அதையே சொல்லு. ஆள் அழுதுடுவார்.

சின்னவள்: கோபமா?

பெரியவள்: பதினோரு வருஷமா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஊருக்கே பொங்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? வெங்காயம் கருகுது, இறக்கு.

சின்னவள்: அக்கா... ஆய்வாளர் வந்ததும் நீங்க கீழயே இருங்களேன். நானே பேசிக்கறேன்.

பெரியவள்: ஏன்?

சின்னவள்: ரெண்டு குடும்பம், பேச்சுவார்த்தை இல்லன்னு சொல்றோம். நீங்க இங்க என்கூட நின்னா ஒட்டுமா?

பெரியவள்: வீடு என் பேர்ல இருக்கு. மாமனார் கடைசிக் காலத்துல என் பேர்ல எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். உரிமையாளர் இல்லாம கதவு எண்ணைப் பிரிக்கமாட்டாங்க.

சின்னவள்: இல்ல, காகிதமெல்லாம் ஆய்வாளர்கிட்ட இருக்கு. போன வாரம்தானே என் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தார். புதுசா ஒண்ணும் கேக்கப் போறதில்ல...

பெரியவள்: படியில யாரோ ஏறி வராங்க. என் கரண்டியைச் சட்டியில போடு. சும்மா கிண்டிக்கிட்டே நில்லு.

ஆய்வாளர்: வீட்ல யாரு? மாநகராட்சி. இருபத்தேழாம் எண்ணா?

பெரியவள்: வாங்க சார். உக்காருங்க.

ஆய்வாளர்: உக்கார நேரமில்லம்மா. இந்த ஒரு தெருவுல மட்டும் பதினோரு குடும்பம் பிரிஞ்சிருக்கு. அத்தனையும் இன்னிக்குப் பார்த்தாகணும். யார் மேல இருக்கறவங்க?

சின்னவள்: நான்தான் சார்.

ஆய்வாளர்: அடுப்பு எரியுது... தண்ணி வருது. குழாய் பழசாவே இருக்கு. பரவாயில்ல. மத்த வீட்டுலயெல்லாம் பெயிண்ட் கையில ஒட்டுது. தனி மின்மீட்டர்?

சின்னவள்: படிக்குக் கீழ ரெண்டாவது சார். ஏன் பிரிஞ்சோம்னா சார், எனக்கு மருந்துக்கடையில...

ஆய்வாளர்: அது எனக்கு வேண்டாம்மா. கேட்டா ஒவ்வொரு வீட்டுலயும் மத்தியானம் ஆயிடும். ம்... மேல் மாடிக்குத் தனி எண் கேட்டு விண்ணப்பம். தேதி, பிப்ரவரி ஒன்பது.

சின்னவள்: சார், அது...

ஆய்வாளர்: பதறாதீங்க. உங்களுக்கு அதுதான் நல்லது. ஸ்டிக்கர் விதி வந்தது ஜூன் ஒண்ணாம் தேதி. மத்த பத்து வீடும் ஜூன் ரெண்டாம் தேதிக்கு அப்புறம்தான் சண்டை போட்டிருக்காங்க. விதி வர்றதுக்கு முன்னாடியே பிரியறதுக்கு எழுதிக் குடுத்தது இந்த வீடு மட்டும்தான். நீங்கதான் நிஜமாப் பிரிஞ்சவங்க. உரிமையாளர் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து இருக்கு. அது யாரோடது?

பெரியவள்: என்னோடது.

ஆய்வாளர்: சரி. எண்ணைப் பிரிக்கத் தடையில்ல. கீழ இருபத்தேழு, மேல இருபத்தேழு பை ஒண்ணு. இனிமே வரி, குப்பை, எல்லாம் தனித்தனி. அடுத்தது ஸ்டிக்கர் படிவம். வண்டி எத்தனை?

சின்னவள்: ரெண்டு சார். எங்களோடது டாக்சி. கீழ் வீட்டுக்கு ஒரு சரக்கு...

பெரியவள்: ஒண்ணு சார். மேல் வீட்டு டாக்சி மட்டும்தான்.

சின்னவள்: அக்கா?

ஆய்வாளர்: படிவத்துல கீழ் வீட்டுக்கு வேன்னு எழுதியிருக்கே. ஆனா பதிவுப் புத்தக நகல் வைக்கல...

பெரியவள்: அந்த வரியை அடிச்சுடுங்க சார்.

ஆய்வாளர்: அடிச்சா இந்த வருஷம் மறுபடி கேக்க முடியாதும்மா.

பெரியவள்: தெரியும். அடிங்க.

ஆய்வாளர்: இங்க ஒரு சின்னக் கையெழுத்து போடுங்க. நீங்களும்மா. அவ்வளவுதான். எண் தகடு பதினஞ்சு நாள்ல வரும். வாசல்ல அடிச்சுக்குங்க. வெங்காயம் கருகிடுச்சும்மா, பாருங்க.

சின்னவள்: ...போயிட்டார்.

பெரியவள்: ம். அடுப்பை அணை.

சின்னவள்: அக்கா, பிப்ரவரி...

பெரியவள்: கேட்டுதே.

சின்னவள்: அந்தக் காகிதத்தை வரி ரசீது கட்டோட சேர்த்துக் கையெழுத்துக்குக் குடுத்தார் இவர். நீங்க பார்க்காம போட்டுட்டீங்கன்னு நினைச்சோம்.

பெரியவள்: மளிகைச் சீட்டையே ரெண்டு தடவை படிக்கறவ நான். சொந்த வீட்டைப் பிரிக்கற காகிதத்தைப் படிக்காமயா போடுவேன்?

சின்னவள்: படிச்சிட்டு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

பெரியவள்: நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

சின்னவள்: தைரியம் வரல. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நாள் போச்சு. பிளம்பரை நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்போ வர வெச்சோம். அப்புறம் இந்த விதி வந்துச்சு. இவர் சொன்னார், நல்லதாப் போச்சு, ஸ்டிக்கருக்காகன்னு சொல்லிடலாம், யார் மனசும் நோகாதுன்னு...

பெரியவள்: கெட்டிக்காரர்தான்.

சின்னவள்: அதுக்காக மாமா வேனை அடிக்கச் சொல்லுவீங்களா? என் மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. அவர் பாவம், வண்டியை எங்க நிறுத்துவார்? நாளைக்கு வொர்க்‌ஷாப்லேர்ந்து வந்தா...

பெரியவள்: வராது.

சின்னவள்: ஏன்?

பெரியவள்: வேன் வித்தாச்சு. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனார். கண் பரிசோதனையில தேறல. சுவர்ல இருந்த எழுத்துல மேல் வரியைத் தவிர ஒண்ணும் தெரியலையாம். இப்போ ஒரு கிடங்குல அட்டைப்பெட்டி ஒட்டறார். பசங்களுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டார்.

சின்னவள்: ...ஐயோ அக்கா.

பெரியவள்: ஐயோவெல்லாம் வேண்டாம். சாயந்தரம் அவர் எதிர்ல இந்த முகத்தோட நிக்காத.

சின்னவள்: எப்போ வித்தீங்க?

பெரியவள்: மே மாசம்.

சின்னவள்: அப்போ விதி வந்தப்போ வீட்டுக்கு ஒரே வண்டிதான். ஒரு ஸ்டிக்கரே போதும். அது உங்களுக்குத் தெரியும்.

பெரியவள்: தெரியும்.

சின்னவள்: தெரிஞ்சுமா காலைலேர்ந்து என்கூட அடுப்பு தூக்கி, பாத்திரம் தூக்கி, ஆய்வாளரா நடிச்சு... எதுக்கு அக்கா? அன்னிக்கே வேன் இல்ல, இதெல்லாம் தேவையில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பெரியவள்: சொல்லியிருந்தா இந்த அடுப்புக்கு நீ வேற காரணம் தேடணும். தேடினா நான்தான் கிடைச்சிருப்பேன். இப்போ தெருவுல யார் கேட்டாலும் மாநகராட்சியைக் கை காட்டிடலாம். ...கரண்டியை நீயே வெச்சுக்கோ. முட்டையைத் திருப்ப அதுதான் நல்லா இருக்கும்.