படுத்திருந்தவருக்கு அரை கிரெடிட்

— சத்தியமாடா. உன் தலையில அடிச்சுச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது.

— சத்தியத்தை உங்க தலையிலயே அடிச்சுக்குங்கப்பா. நானே ஷிப்டு முடிச்சு ஓடி வந்திருக்கேன், அவ போன் அணைஞ்சே கிடக்கு.

— என் தலை வழுக்கை, சத்தியம் நிக்காது. கேளு. உன் பொண்டாட்டி பரீட்சையில இன்னிக்கு நோயாளி யாரு தெரியுமா? உங்கப்பன்.

— நீங்களா? காலேஜுக்குள்ள உங்களை யாரு விட்டா?

— வரவேத்தாங்கடா! முதியோர் செவிலியம்னா ஒரு முதியோர் வேணுமில்ல? கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய்க் கட்டில்ல படுக்க வச்சாங்க.

— அப்பா, இது விளையாட்டில்ல. எத்தனையோ வருஷமா வார்டுல நிக்கிறவ அவ. டிகிரிக்கு வேண்டிய கிரெடிட்ல, பழைய டிப்ளமாவுக்குன்னு பாதிதான் குடுத்தாங்க. மீதியை நைட் டூட்டி முடிச்ச கையோட வகுப்புக்குப் போய் ஒண்ணொண்ணாச் சேத்தா. கடைசி ரெண்டு கிரெடிட் இந்தச் செய்முறைதான். இதைக் கோட்டை விட்டா, மறுபடி இந்தப் பருவம் வர்ற வரைக்கும் ஒரு வருஷம் காத்துக் கிடக்கணும். டிகிரி இல்லேன்னா வார்டு இன்சார்ஜ் வேலையும் வேற யாருக்காவது போயிடும்.

— எனக்குத் தெரியாதாக்கும்! ஒரு மாசமா என்னைத்தானே புரட்டிப் புரட்டிப் போட்டுப் பழகினா? நல்லா இருக்கிற மனுஷனை ஈரத் துணியால துடைச்ச துடைப்புல, முதுகுல இருந்த மச்சமே அழிஞ்சு போச்சு.

— சரி, எப்படிப் பண்ணா? அதைச் சொல்லுங்க.

— பிரஷர் பாக்கற பட்டையைத் தலைகீழாச் சுத்திட்டா. லேசா ஒரு இருமல் இருமினேன். சட்டுனு புரிஞ்சுக்கிட்டு மாத்திச் சுத்தினா.

— அவளா? வார்டுல கண்ணை மூடிட்டுச் சுத்துவாளே!

— வார்டுல நோயாளி மட்டும்தான் பாப்பான். இங்க மூணு மேடம் சுத்தி நின்னு பாத்தாங்க. அதுல ஒரு மேடம், 'இவருக்கு பிரஷர் ஏறிட்டா என்ன செய்வே'ன்னு கேட்டாங்க. எனக்கோ குழந்தை மாதிரி நார்மல். மருமக முழிக்கிறா. மூச்சை ஒரு இழு இழுத்தேன் பாரு, நூத்தி எண்பது!

— அப்பா...

— இறக்கச் சொன்னாங்க, இறக்கினேன். வலது கையில ஒரு பிரஷர், இடது கையில ஒரு பிரஷர்னு காட்டினேன். அசந்துபோய் எனக்கே அரை கிரெடிட் போட்டுட்டாங்க.

— உங்களுக்குக் கிரெடிட்டா?

— பின்ன? வாரம் ஒரு மணி வகுப்புல உக்காந்தா ஒரு கிரெடிட். வார்டுன்னா மூணு மணி நின்னாத்தான் அதே ஒண்ணு. படுத்திருந்தவனுக்கு அரைதானாம். இன்னும் நூத்திச் சொச்சம் சேர்ற வரைக்கும் படுத்தேன்னா நானும் நர்ஸ்.

— சிரிக்க வைக்காதீங்கப்பா... கேட் சத்தம்! வந்துட்டா. ஏம்மா, என்னாச்சு? போனை ஏன் அணைச்சு வச்சிருக்கே?

— ஹால்ல கூடாதுன்னு அணைச்சேங்க, அப்படியே மறந்துட்டேன். பாஸ்! ரெண்டு கிரெடிட்டும் வந்துருச்சு. மேடமே உள்ள கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இருங்க, முதல்ல உக்காந்துக்கறேன்.

— அப்பாடா! உக்காரு, தண்ணி குடி. நெஞ்சுல இருந்த பாறாங்கல்லு இப்பதான் இறங்குச்சு. அப்பா, நிஜமாவே காப்பாத்திட்டீங்க போலிருக்கே!

— பெரியவங்க சொன்னா நம்பணும்டா.

— மாமாவா? அவர் காலையிலேர்ந்து காலேஜ் கேட் பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருந்தாராம். உள்ள விட மாட்டேன்னதுக்கு வாட்ச்மேனோட ஒரே சண்டையாம்.

— அதை விடும்மா. பட்டையைத் தலைகீழாச் சுத்தினியா இல்லையா, அதைச் சொல்லு.

— சுத்தினேன். உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?

— 'மேடம் பாக்கறாங்க'ன்னு வீட்டுல நான் சும்மா சொன்னாலே நீ அப்படித்தானே சுத்துவே.

— இரு இரு. அப்பா பெஞ்சுல இருந்தார்னா, கட்டில்ல படுத்திருந்தது யாரு?

— யாருமில்லைங்க, ரப்பர் பொம்மை. பழக்க தோஷத்துல அதைப் போய், 'மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க'ன்னுட்டேன். நோயாளிகிட்ட பேசிக்கிட்டே செஞ்சது நான் ஒருத்திதானாம், அதுக்குத்தான் முழு மார்க் போட்டாங்க.