கேஜ் கண்டுகொள்ளாத மட்டம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, ஐயா. காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. பரவாயில்லை, நான் நடந்துகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே என் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

ரேடார் கேஜ் பழுது, அதனால்தான் ஆலைத் தொட்டியில் விபத்து என்று முடிவுகட்டிவிட்டீர்களாம். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் மாட்டிய கேஜ் எதுவும் இதுவரை பழுதானதில்லை.

அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொட்டியின் உச்சியில் உட்கார்ந்து கீழே அலையை அனுப்பும். அலை திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்து, சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லும். ஆனால் உள்ளே ஏணி, குழாய் எல்லாம் இருக்கும். அவற்றில் பட்டும் அலை திரும்பும். அதனால் மாட்டியதும் கேஜுக்கு ஒரு பாடம் சொல்லித்தர வேண்டும்: இதெல்லாம் சரக்கில்லை, கண்டுகொள்ளாதே என்று. தொட்டி காலியாக இருக்கும்போது மட்டுமே அந்தப் பாடத்தைச் சொல்லலாம். தொழிலுக்குப் புதிதாக வருகிறவன் அதில்தான் கோட்டை விடுவான்.

அந்தத் தொட்டியின் ஆபரேட்டர் என் தங்கையின் கணவர். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மா அப்பா போனபிறகு தங்கைக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். போன மாதம் மாப்பிள்ளைக்குத் தொலைவில் வேறோர் ஆலையில் வேலை கிடைத்தது. தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவளோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே பெட்டி கட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

"இனிமேலாவது உனக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாருண்ணா" என்றாள், சிரித்துக்கொண்டே. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நடை.

அந்த நேரம் பார்த்து அந்தத் தொட்டிக்குப் புதுக் கேஜ் மாட்டும் வேலை வந்தது. உள்ளே இருப்பது சுடச்சுடக் காஸ்டிக் கரைசல், பட்டால் தோலையும் சதையையும் அரித்துவிடும். போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்கினேன், ஒயரை ஒழுங்காகக் கட்டினேன். பிறகு சரக்கு முக்கால் தொட்டியைத் தாண்டிய சமயமாகப் பார்த்துப் பாடம் சொன்னேன். அந்த மட்டத்தையும் ஏணி, குழாயோடு சேர்த்துக்கொண்டது கேஜ். இனிமேல் சரக்கு அங்கே ஏறினால் அதற்குத் தெரியாது, கடைசியாகப் பார்த்த மட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்தால் சைரனை ஊதவைக்கும் பழைய மிதவை சுவிட்ச் ஒன்று பக்கத்தில் இருந்தது; கேஜ் வந்தபிறகு அது எதற்கு என்று நானே கழற்றினேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். நிரப்பும்போதெல்லாம் மேலே ஏறி, மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பார். அதையும் கவனிக்க வேண்டியிருந்தது.

"எதுக்கு மாப்ள, ஏறி எறங்கி முட்டி தேயணும்? கீழ வால்வுகிட்டயே நில்லுங்க. மேல கேஜ் பாத்துக்கும்" என்றேன்.

"நீங்க மாட்டினது. அப்புறம் என்ன மச்சான்" என்றார்.

கொஞ்சம் சிந்தினால் அவர்மேல் பழி வரும், புது வேலை கைநழுவும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். வீட்டில் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிப்பார்த்தேன். ஆனால் தொட்டி வழிந்தால் முதலில் எங்கே கொட்டும் என்று எனக்குத் தெரியும். வால்வு எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

கேஜ் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிவரை முக்கால் தொட்டி என்றே காட்டியது, சைரன் ஊதவில்லை. அவர் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லையாம், உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதனால் பழுது என்று எழுதாதீர்கள், ஐயா. நான் கொன்றேன் என்று எழுதுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. தங்கை மாடியில் தனியாக இருக்கிறாள். சாப்பாடு கொண்டுபோய்த் தட்டித் தட்டிப் பார்த்தேன், கதவைத் திறக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, துக்கம்தான். இன்றைக்கு நான் போய்க் கூப்பிட்டால் திறந்துவிடுவாள். பாவம், இனிமேல் என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?