செயலாளர் குடித்த ஜூஸ்

மண்டி ஹவுஸிலிருந்து மயூர் விஹார் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு ரத்த தானச் சங்கத்தின் செயலாளரும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கேக்கிறதுதாம்மா நம்ம வேலை. கொடுக்கிறது ஜனங்க வேலை" என்றார் அவர். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அதனாலதான் சார் முகாமுக்குக் கூட்டமே வர்றதில்லை. பத்து வருஷமா உங்க செயலாளர் மைக்கில கூப்பிடுறாரே, உங்க கமிட்டியில ஒருத்தராவது கொடுத்திருக்காங்களான்னு என்னைக் கேக்கிறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை முதல்ல நீங்கள்லாம் படுத்துக் கையை நீட்டுங்க. அப்புறம் தானா வருவாங்க."

"அச்சா, ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைவருக்கு பி.பி. பொருளாளருக்கு ஊசின்னா பயம்."

"நீங்க?"

"எனக்கு சுகர்மா."

"போன முகாம்ல, ரத்தம் கொடுத்தவங்களுக்குன்னு வச்சிருந்த ஜூஸை ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே சார்?"

பஸ் யமுனைப் பாலத்தில் ஏறியது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாலு பேர் கொடுக்கிறதைப் பார்த்ததுமே எனக்குத் தலை சுத்திடுச்சும்மா."