மேட்டு வயலை ஏன் குடுத்தேன்னா

இல்ல சார், விக்கிறதா இல்ல. நீங்க அஞ்சு குடும்பம் சேந்து வாங்கி, வீடு கட்டாம புல்லாவே விட்டுடலாம்னு சொல்றீங்க, புரியுது. மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், பூரா நாய் முடி. இதுல உக்காருங்க.

ஊர்க்காரங்களுக்குப் பன்னெண்டு வீடு கட்டறதுக்காக மேட்டு வயலை ஊர் நில அறக்கட்டளைக்குக் குடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. திங்கக்கிழமை ட்ரூரோ டவுன்ல வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்து. ஆமா, சும்மாதான் குடுக்கறேன். தபாலாபீஸ் ஹில்டா இந்தக் கெழவனை ஏமாத்திட்டான்னு பேசிக்கிறாங்க, அதுவும் என் காதுக்கு வந்துச்சு. ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா அந்தம்மா இதை ஏழு வருசமா இழுத்துக்கிட்டு இருக்குமா?

ஏழு வருசம் சார். சர்ச்சுக்குப் பின்னாடி ஹால்ல மாசம் ஒரு கூட்டம். எட்டுப் பேரு, ஒரு ஹீட்டரு, அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. மூணாவது வருசத்துல இருந்து நானும் போறேன். பாதிக் கூட்டத்துல தூங்கியிருக்கேன், பொய் சொல்லுவானேன். வீடு கட்ட அனுமதி கேட்டா கவுன்சில்ல ரோடு அகலம் பத்தலைன்னாங்க, அதுக்கு ஒரு வருசம். வௌவாலைக் கலைக்கக் கூடாதுன்னு சட்டமாம், வேலியோரம் அது இருக்கான்னு பாக்க ஒரு பொண்ணை அனுப்பிச்சாங்க. நல்ல பொண்ணு. ரெண்டு கோடை உக்காந்து எண்ணிச்சு. வௌவாலுக்குத் தங்க எடம் இருக்கான்னு பாத்தாங்க சரி, மனுசனுக்கு இருக்கான்னு எவனாச்சும் வந்து எண்ணினானா?

ஹில்டாதான் எண்ணினா. ஒரு ஜனவரி மாசம் சாயங்காலம், இருட்டினதும் ஊரு முழுக்க நடந்தா. நூத்திப் பத்து வீட்டுல இருபத்தாறு வீட்டுலதான் வெளக்கு எரிஞ்சுதாம். மத்ததெல்லாம் கோடைக்கு வர்றவங்களோடது. உங்களைச் சொல்லல சார். நீங்க வந்த ரெண்டு வருசமா மழையிலயும் குளிர்லயும் இங்கதான் இருக்கீங்க, பாக்கறேன்ல.

உங்க வீட்டுலேருந்து பாத்தா கடல் மறையுமா? மறையும். கொஞ்சம் மறையத்தான் செய்யும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கரையில உயிர்காப்புப் படகு நிக்குதே, அதுல ஏற ஆளு இல்ல. கூப்பிட்டா பத்து நிமிசத்துல கரைக்கு வரணும், ஆளு குடியிருக்கறது இருபது மைலு தள்ளி. பப்புல சமைக்கறானே அந்தப் பையன், ரெண்டு வருசமா அவனோட வேன்லதான் படுக்கறான். நீங்க சாப்பிட்டிருப்பீங்க, மீன் நல்லா பண்ணுவான்.

வித்துடுவாங்கன்னா? அது நடக்காது. இன்னிக்கு அவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு வெளியாளுக்கு வித்துட்டுப் போயிடுவாங்கன்னு நானும்தான் மொதல்ல நெனச்சேன். விக்க முடியாது. மண்ணு என்னிக்கும் அறக்கட்டளையோடது, வீடு மட்டுந்தான் குடியிருக்கறவங்களுக்கு. இந்தப் பக்கத்துச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகற வாடகை, வாங்கினா அதே மாதிரி வெலை. போகணும்னா நம்மூர்லயே அடுத்தவங்களுக்கு அதே மாதிரி விட்டுட்டுப் போகணும். நான் போய்ச் சேந்த பின்னாடியும் எவனும் மாத்த முடியாது. அந்த ஒண்ணுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்.

புள்ளைங்களா? இல்ல சார், எங்களுக்கு இல்ல. மெரினும் போயி எட்டு வருசமாச்சு. என் வீட்டுக்காரி.

பக்கவாதம். வலது கை, வலது கால் வராது. பேச்சும் கொழறும். கெரென்சான்னு ஒரு பொண்ணு, வீட்டு வீட்டுக்குப் போயி முடியாதவங்களைப் பாத்துக்கற வேலை. காலையில ஏழு மணிக்கு வந்து எழுப்பி, கழுவி, துணி மாத்தி உக்கார வெப்பா. வாசப்படியிலேயே பேச ஆரம்பிச்சிடுவா. மெரின் சொல்றதை நான் நாலு தடவை கேப்பேன், அவளுக்குக் கோவம் வந்துடும். கெரென்சாவுக்கு மட்டும் ஒரு தடவையிலயே புரியும். எப்படின்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

நடந்து வர்ற தூரத்துலதான் இருந்தா, ரெண்டு கொழந்தைங்களோட. அப்புறம் அவ குடியிருந்த வீட்டை வித்துட்டாங்க. இங்க வேற வீடு கெடைக்கல. ரெட்ரூத் போயிட்டா, இருபத்தஞ்சு மைலு. அப்பவும் மெரினை விடல, கார்ல வந்துக்கிட்டிருந்தா.

ஆகஸ்ட் மாசம். சுத்திப் பாக்க வர்ற கூட்டம், உங்களுக்குத் தெரியும். நம்ம சந்து ரோட்டுல ஒரு கேரவன் திரும்ப முடியாம மாட்டிக்கிச்சு. முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. அங்க போனும் எடுக்காது. நான் மேட்டு வயல்ல காலிஃப்ளவர் நாத்து நட்டுக்கிட்டிருந்தேன். ஏழு மணிக்கு கெரென்சா வந்திருப்பான்னு நெனப்பு. ஒம்போது மணிக்கு எறங்கி வந்து பாத்தா, மெரின் குளியலறையில தரையில கெடக்கறா. தானே எந்திரிச்சுப் போயிடலாம்னு பாத்திருக்கா. எவ்வளவு நேரமாக் கெடந்தாளோ. என்னைக் கூப்பிட்டிருப்பா.

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில பதினோரு நாள். அவ்வளவுதான்.

கெரென்சா வந்து சேந்தப்போ ஆம்புலன்ஸ் இன்னும் வரல. காரை அப்படியே விட்டுட்டு மூணு மைலு ஓடி வந்திருக்கா. மன்னிச்சுக்கோ டென்சில், ரோட்டுல நின்னுட்டேன்னா. மெரினோட கையைப் பிடிச்சுக்கிட்டு அதையேதான் சொன்னா. உன் தப்பு இல்லன்னு நான் சொல்லியிருக்கணும்.

கெரென்சாவுக்குன்னு கட்டறதா இருந்தா நல்லாத்தான் இருக்கும். அவ வரமாட்டா சார். பன்னெண்டுல மொத வீடு உனக்குன்னு ஹில்டா கடுதாசி போட்டா. புள்ளைங்களுக்கு அங்க பள்ளிக்கூடம், சிநேகிதம் எல்லாம் ஆயிடுச்சு, வேணாம்னு பதில் வந்துச்சு. மரியாதையாத்தான் எழுதியிருந்தா. மெரின் கல்லறையில பூ இருக்கான்னு கேட்டிருந்தா. என்னைப் பத்தி எழுதல.

அவ இருந்த வீட்டை யாரு வித்ததுன்னா?

நான்தான். எங்கப்பா கூலியாளுங்க தங்கறதுக்குக் கட்டின வீடு அது, எனக்கு வந்துச்சு. வீட்டுத் தரகன் ஒருத்தன் வந்து ஒரு வெலை சொன்னான். எத்தனை வருசம் காலிஃப்ளவர் போட்டாலும் கண்ணுல பாக்க முடியாத வெலை. சரின்னுட்டேன். அப்ப வாங்கின டாக்டருதான் பின்னாடி உங்களுக்கு வித்தாரு. ஆமா சார், நீங்க இருக்கற வீடுதான். நீங்க எந்திரிக்க வேணாம், உங்க மேல ஒண்ணும் இல்ல. வெலைக்கு வந்துச்சு, வாங்கினீங்க.

காலி பண்ணணும்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் நேர்ல கூடச் சொல்லல. தினம் காலையில என் சமையலறையில நிக்கறவகிட்ட. தரகன் தபால்ல நோட்டீஸ் அனுப்பிச்சான். அது கெடைச்ச மறுநாளும் ஏழு மணிக்கு வந்தா. மெரினுக்குத் தலை சீவி, கம்பளியைப் போத்தி விட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.