வீட்டுக்குள்ளே ஓடியவர்

"ஒரு மாசமா தெனமும் ஓடுதேன். வீட்டு வாசலத் தாண்டல. ஆனா முட்டி போயிருச்சு."

கோவில்பட்டியில் எலும்பு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தோம். இப்படிச் சொன்னவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய ஊர்க்காரர். ஆடு மேய்க்கிறவர், பாதத்தில் கட்டுப் போட்டிருந்தார்.

"வாசலத் தாண்டாம எப்படி ஓடுவிய, அண்ணாச்சி?"

"டிரெட்மில்லு வாங்கிப் போட்டிருக்கேன். நம்ம முன்னால ஓட ஓட, பெல்ட்டு பின்னால இழுத்துக்கிட்டே இருக்கும்."

"சர்க்கரைக்குத்தான? நம்ம ரோட்டுலயே நடக்கலாம்லா?"

"நடந்தேன்யா! ரெண்டாம் நாளே, நான் கார வித்துட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு. மூணாம் நாளு, மகளுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை வீட்டுல இருந்து போனு. ஆபீஸ மூடிட்டியளாமேன்னு கேக்காவ."

ஆட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

"அப்ப நம்ம ரெண்டு பேரு காலும் சரியானதும் என் ஆட்டுக்குப் பின்னால நடங்க. கையில ஒரு கம்ப மட்டும் வச்சுக்கிடுங்க. அண்ணாச்சி ஆடும் வாங்கிட்டாருன்னுதான் பேசுவாவ."

முட்டியைத் தடவிக்கொண்டிருந்த முதலாளியின் கை நின்றது.

"மொத்தம் எத்தன ஆடு வச்சிருக்க?"

"அறுவது."

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நூறுன்னு சொல்லணும், என்ன?"